ஸ்வெட்டராகிப் போன தளபதிகள்

மார்கழிப் பனியில் இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி, தலைக்கும் காதுக்கும் சேர்த்து ஒரு மங்கி குல்லாவை மாட்டிக்கொள்கிறார். அதற்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் பெயர் 'பாலக்லாவா'. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கழுத்துப் பட்டியிலிருந்து அக்குள்வரை சாய்வாக வெட்டிக் கை வைத்துத் தைக்கிறார்களே, அந்தக் கைக்கு 'ரக்லான்' என்று பெயர். முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளி ஸ்வெட்டருக்கு 'கார்டிகன்' என்று பெயர்.

இந்த மூன்று பெயர்களும் ஒரே யுத்தத்திலிருந்து வந்தவை. பாலக்லாவா என்பது கருங்கடல் ஓரத்தில் கிரைமியாவில் உள்ள ஒரு துறைமுகம். ரக்லான் பிரபு அங்கே போன பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி. கார்டிகன் பிரபு அவருக்குக் கீழே இலகு குதிரைப்படையின் தளபதி. 1854 அக்டோபர் 25ந் தேதி இந்தக் கனவான்கள் ஒன்றுசேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். இருபது நிமிஷத்தில் தங்கள் குதிரைப்படையைத் தாங்களே ஒழித்துக் கட்டினார்கள். எதிரிக்கு அன்று அதிகச் சிரமம் கொடுக்கவில்லை!

யுத்தம் எதற்காக வந்தது? பெத்லகேம் தேவாலயத்தின் சாவி எந்தப் பாதிரிமாரிடம் இருப்பது என்ற தகராறில் ஆரம்பித்தது என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். சாவி ஒரு சாக்கு. துருக்கி சுல்தானின் சாம்ராஜ்யம் படுத்த படுக்கையாகக் கிடந்தது. ஆள் சாகுமுன்பே சொத்தை யார் எடுப்பது என்று ரஷ்ய ஜாருக்கும் பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆளும் கும்பல்களுக்கும் போட்டி. 1853லிருந்து 1856 வரை நீடித்தது. அப்போது லண்டனில் இருந்த காரல் மார்க்ஸ், நியூயார்க் 'டிரிப்யூன்' பத்திரிகைக்கு இதைப்பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ராணுவ விஷயங்களை எழுதிக் கொடுத்தவர், மான்செஸ்டரில் ஒரு பஞ்சாலைக் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருந்த எங்கெல்ஸ். மில் தோழர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்பதால் சொல்லிவைக்கிறோம். 

நாம் பேச வந்தது தளபதிகளைப் பற்றி. இவர்கள் எப்படித் தளபதி ஆனார்கள்?

விலைக்கு வாங்கித்தான்! அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படையிலும் காலாட்படையிலும் அதிகாரி உத்தியோகம் காசு கொடுத்தால் கிடைத்தது. மேஜைக்கு அடியில் கொடுக்கும் காசு அல்ல; சட்டப்படி, ரேட்டுப் பட்டியல்படி. குதிரைப்படை ரெஜிமெண்டில் லெப்டினென்ட் கர்னல் பதவிக்குச் சர்க்கார் விலை 6,175 பவுன். கண்ட்ரோல் விலை இருக்கும் இடத்தில் கள்ள மார்க்கெட் விலையும் இருக்கும் அல்லவா? கார்டிகன் பிரபு தம்முடைய ரெஜிமெண்டுக்கு 40,000 பவுன் கொடுத்தார் என்று அப்போதே ஊரெல்லாம் பேச்சு. அவருக்குக் கீழே இருந்த குதிரைப்படைச் சிப்பாய்க்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் சம்பளம். நாம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தச் சிப்பாய் ஒரு வாய்க் கஞ்சி குடிக்காமல் சம்பளம் முழுவதையும் சேர்த்து வைத்தால், 1,753 வருஷத்தில் அவரும் ஒரு கார்டிகன் ஆகிவிடலாம்! யாருக்கு இங்கே வாய்ப்பு இல்லை?

இப்படி வாங்கிய ரெஜிமெண்டைப் பிரபு எப்படி நடத்தினார்? அது அப்போது இந்தியாவில் இருந்தது. 1837ல் வந்து பார்த்தார். அடுத்த வருஷம் படை இங்கிலாந்து திரும்பியது. இந்தியாவில் வருஷக்கணக்கில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் என்றாலே பிரபுவுக்கு ஆகாது. 'இந்திய அதிகாரிகள்' என்று ஏளனம் செய்வார். காரணம், அவர்களிடம் காசு கிடையாது. 1840ல் விருந்து மேஜையில் ஒரு 'இந்திய' அதிகாரி திராட்சை மதுவைக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைக்காமல் கறுப்புப் புட்டியோடு வைத்துவிட்டார் என்பதற்காகக் கைது செய்துவிட்டார். இங்கிலாந்து முழுவதும் சிரித்தது. நாடக மேடைக்கோ தெருவுக்கோ பிரபு வந்தால் ஜனங்கள், "கறுப்புப் புட்டி!" என்று கூவினார்கள். பிரபுவுக்கு உறைக்கவில்லை. சிப்பாய்களுக்குச் செர்ரிப் பழ நிறத்தில் உடம்போடு ஒட்டிய கால்சட்டை தைத்துப் போட்டு அழகு பார்த்தார்.

அதே வருஷம் ஒரு பழைய அதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. பிரபுவைப் பிரபுக்களே விசாரிப்பது! சுடப்பட்டவருக்கு நான்கு சொல் கொண்ட நீண்ட பெயர். குற்றப்பத்திரிகையில் உள்ள முழுப் பெயர்க்காரரும் குண்டடி பட்டவரும் ஒரே ஆள்தான் என்று ருசுப்படுத்தவில்லை என்று சொல்லி 1841ல் விடுதலை செய்துவிட்டார்கள். அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்று, குதிரைப் பயிற்சிக் கூடத்தில் ரெஜிமெண்ட் ஜெபம் செய்து முடித்தது. முடித்த கையோடு, அதே கூடத்தில் வைத்து ஒரு சிப்பாய்க்கு 100 கசையடி கொடுக்கச் செய்தார். பண்டிகை நாள் என்று விட்டுவிட முடியுமா?

கார்டிகனுக்கு மேலதிகாரி லூக்கன் பிரபு. கார்டிகனின் தங்கையைக் கட்டியவர். மச்சானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. லூக்கன், அயர்லாந்தில் மேயோ ஜில்லாவில் பெரிய பண்ணையார். 1845லிருந்து சில வருஷங்கள் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் லூக்கன் பிரபு செய்த சேவை, வாரம் கொடுக்க முடியாத குத்தகைக்காரர்களை வெளியேற்றியது. கேஸில்பார், பாலின்ரோப் பக்கங்களில் குடிசை குடிசையாகக் கூரையைப் பிரித்துச் சுவரை இடித்தார். இடிக்கப் போகும் கூலிக் கூட்டத்துக்கு அயர்லாந்தில் 'கடப்பாரைப் படை' என்றே பெயர். ஆக, குதிரைப்படைக்குத் தலைமை தாங்க வருமுன் பிரபுவுக்குப் படை நடத்திய அனுபவம் இருந்தது!

ரக்லான் பிரபுவுக்கு 66 வயது. 1815ல் வாட்டர்லூ சண்டையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஒரு கையை இழந்தவர். அந்தக் கைக்குத் தோதாகத் தைத்ததுதான் ரக்லான் கை என்பார்கள். அதற்குப்பின் நாற்பது வருஷம் ஆபீஸ் நாற்காலி. கிரைமியாவில் பிரெஞ்சுப் படை இவருக்கு நேசப்படை. ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. எதிரி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம், "பிரெஞ்சுக்காரர்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரெஞ்சுத் தளபதிகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்த நாளைப் பார்ப்போம்.

ரக்லான் குன்றின் உச்சியில் நிற்கிறார். கீழே பள்ளத்தாக்கில் குதிரைப்படை நிற்கிறது. பக்கத்து மேட்டில் துருக்கியரிடமிருந்து பிடித்த பிரிட்டிஷ் பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப் போவதாக மேலே நின்றவருக்குத் தெரிகிறது. 'குதிரைப்படை வேகமாக முன்னேறி, பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கவும்' என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதச் சொல்கிறார். எந்தப் பீரங்கி, எந்தத் திசை என்று எழுதவில்லை. மேலே நிற்பவனுக்கு எல்லாம் தெரிகிறது. கீழே நிற்பவனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறான். மில்லில் மாடி ஆபீசிலிருந்து வரும் உத்தரவுகளைப் பார்த்திருக்கும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சீட்டைக் கொண்டுபோனவர் கேப்டன் நோலன். அவர் முன்பு இந்தியாவில் இருந்தவர். நம் சென்னையில் கவர்னர் துரையிடம் உதவி அதிகாரியாக வேலை பார்த்தவர். குதிரைப்படையின் மகிமை பற்றிப் புத்தகம்கூட எழுதியிருந்தார். லூக்கன் சீட்டைப் படித்துவிட்டு, "எந்தப் பீரங்கி?" என்று கேட்டார். பள்ளத்தில் நின்ற அவர் கண்ணுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. நோலன் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை பள்ளத்தாக்கின் கடைசியில் வரிசையாக நின்ற ரஷ்யப் பீரங்கிகளைக் காட்டியதாக லூக்கனுக்குப் பட்டது. மேற்கொண்டு கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நேரே மச்சானிடம் போனார். எதிரே பீரங்கி, இரண்டு பக்கமும் மேட்டில் துப்பாக்கி என்று கார்டிகன் சொல்லிப் பார்த்தார். தலைமைத் தளபதியின் உத்தரவு என்றார் லூக்கன். வேறு சமயமாக இருந்தால் இந்த இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் வாரக்கணக்கில் கடிதம் எழுதிச் சண்டை போடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்!

ஏறக்குறைய 670 பேர் போனார்கள். ஒன்றேகால் மைல் தூரம். மூன்று பக்கமிருந்தும் குண்டு. முதலில் செத்தவர்களில் நோலன் ஒருவர். வழி தவறு என்று கத்தத்தான் முன்னால் பாய்ந்தார் என்று சிலர் சொல்கிறார்கள்; அவர் வாய் மூடிவிட்டதால் தெரியாது. சுமார் 110 பேர் மாண்டார்கள். 160 பேருக்குக் காயம். அறுபது பேர்போலக் கைதியானார்கள். முன்னூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் ஒழிந்தன. கார்டிகன் முன்னால் போனார், பயப்படவில்லை. அதை மறைக்க மாட்டோம். ஆனால் பீரங்கியை எட்டியதும், சாதாரணச் சிப்பாய்களோடு சேர்ந்து கத்திச் சண்டை போடுவது ஒரு ஜெனரலின் வேலையல்ல என்று முடிவு செய்து, அவர்களை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். துறைமுகத்தில் அவருடைய சொந்த உல்லாசக் கப்பல் நின்றது. இரவு அதில்தான் தூக்கம். குளித்து, ஷாம்பேன் குடித்து, படுத்துக்கொண்டார்.

பீரங்கி செய்யாததைக் குளிர் செய்தது. நவம்பர் 14ந் தேதி அடித்த புயலில் குளிர்காலத் துணி ஏற்றி வந்த கப்பல் மூழ்கிற்று. ஈரத்தில் கூடாரம் போட்டுக் கிடந்த சிப்பாய்களுக்குக் காப்பி கொடுத்தார்கள், எப்படி? பச்சைக் கொட்டையாக! வறுக்க விறகு இல்லை, அரைக்க யந்திரம் இல்லை. சட்டி மூடியில் கருக்கி, கல்லால் நசுக்கிப் பார்த்தார்கள். பல்லீறு அழுகும் நோய்க்கு மருந்தான எலுமிச்சைச் சாறு டிசம்பரில் பாலக்லாவாவுக்கு வந்து சேர்ந்தது. தினசரி ரேஷன் பட்டியலில் அதற்கு இடமில்லை என்பதால் பிப்ரவரி வரை கிடங்கிலேயே இருந்தது. நோய் காத்திருக்கவில்லை. தீவனம் இல்லாத குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துத் தின்றன. இந்த யுத்தத்தில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுமார் 21,000 பேர். அதில் 16,000 பேருக்குமேல் நோயால் செத்தவர்கள். கார்டிகன் பிரபு டிசம்பரிலேயே உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். லண்டனில் மாலை மரியாதை! அவர் போட்டிருந்ததாகச் சொல்லப்பட்ட கம்பளிச் சட்டையைக் கடைக்காரர்கள் அவர் பெயரிலேயே விற்றார்கள். குளிரில் விறைத்த சிப்பாய்களுக்கு வீட்டுப் பெண்கள் பின்னி அனுப்பிய குல்லாவுக்குப் பின்னாளில் பாலக்லாவா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கொலைக்கு யார் பொறுப்பு? சர்க்கார் விசாரிக்க அனுப்பிய இரண்டு பேர் 1856ல் கொடுத்த ரிப்போர்ட்டில் லூக்கன், கார்டிகன் பெயர்களையும் எழுதிவிட்டார்கள். உடனே அந்த ரிப்போர்ட்டை விசாரிக்க ஜெனரல்களே அடங்கிய இன்னொரு கமிட்டி. எல்லா ஜெனரல்களும் குற்றமற்றவர்கள் என்று ஜெனரல்கள் கண்டுபிடித்தார்கள். 'சுண்ணாம்படிக்கும் கமிட்டி' என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கமிட்டி அடித்த சுண்ணாம்பு மழைக்குக் கரைந்திருக்கும். கவி அடித்தது இன்னும் போகவில்லை. ஆஸ்தான கவி டென்னிசன் பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு பாட்டு எழுதி, 1854 டிசம்பரிலேயே வெளியிட்டார். தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்கிறார். செய்தவன் யார் என்று சொல்லவில்லை. சிப்பாய்கள் ஏன் என்று கேட்காததையே பெருமையாக்கிவிட்டார். தாளம் குதிரைக் குளம்புபோல ஓடும். நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் தலைமுறை தலைமுறையாக இதை ஒப்பித்தார்கள். மேலதிகாரி சொன்னால் சாக வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்பதை ஒரு அடிமை நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட இனிமையாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்?

பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தபோது பாட்டில் வரும் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? பிழைத்து வந்தவர்களில் பலர் பென்ஷன் இல்லாமல், வேலை இல்லாமல், சிலர் 'ஒர்க்ஹவுஸ்' என்னும் ஏழைக் கொட்டடியில் கிடந்து செத்தார்கள். 1890ல் இது பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. சாம்ராஜ்யத்தின் பாணர் கிப்ளிங்குக்கே பொறுக்காமல், அந்தக் கிழச் சிப்பாய்கள் பசியோடு டென்னிசன் வீட்டுக்குப் போவதாக ஒரு பாட்டு எழுதினார். நிவாரண நிதி திரட்டினார்கள். எடிசன் அப்போது புதிதாகக் கண்டுபிடித்திருந்த மெழுகு உருளையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பேசினார். பாலக்லாவாவில் இருந்த ஒரு கிழ ஊதுகொம்புக்காரர், பாய்ச்சலுக்கு ஊதிய அதே ஒலியை ஊதிப் பதிவு செய்தார். டென்னிசனும் அந்த வருஷம் தம் பாட்டைத் தாமே படித்துப் பதிவு செய்தார். மூன்று குரல்களையும் இன்றைக்கும் கேட்கலாம். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே அந்தக் கொம்பு கேட்கும்போது நமக்கு என்னவோ செய்கிறது. முப்பத்தாறு வருஷத்துக்குப்பின் அவர் மறுபடியும் ஊதுகிறார். இந்தத் தடவை கூட்டாளிகளின் சோற்றுக்காக.

அதே சமயம் கார்டிகன் ஏறிப்போன குதிரை ரொனால்டின் தலை, பாடம் செய்யப்பட்டு, கார்டிகன் குடும்பத்து மாளிகையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. இன்னும் இருக்கிறது. பிரபு 1868ல் வேறொரு குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது என்று யார் சொன்னது?

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1936ல் ஹாலிவுட்டில் எரால் பிளின் கதாநாயகனாக நடித்த படம். பிரபுக்களின் மடத்தனத்தால் இத்தனை பேர் செத்தார்கள் என்று எடுத்தால் டிக்கட் விற்குமா? ஆகவே கதையை மாற்றினார்கள். பாதிப் படம் இந்தியாவில் நடக்கிறது. சூரத் கான் என்று ஒரு இந்திய ராஜா, இல்லாத ராஜா. அவன் பிரிட்டிஷ் கோட்டையில் பெண்டு பிள்ளைகளைக் கொல்கிறான். பிறகு ரஷ்யரோடு சேர்ந்துகொள்கிறான். அவனைப் பழிவாங்கவே கதாநாயகன் உத்தரவைத் திருத்தி எழுதிப் படையைப் பாய விடுகிறான்! ஆக, பாலக்லாவாவில் சிப்பாய்கள் செத்ததற்குக் காரணம் கார்டிகனும் அல்ல, லூக்கனும் அல்ல, ஒரு இந்தியன்! இந்த ருசுவைக் கண்டுபிடிக்க அந்தச் சுண்ணாம்புக் கமிட்டிக்குக்கூட மூளை இருக்கவில்லை. படத்துக்காகக் குதிரைகளின் காலில் கம்பி கட்டி இழுத்து விழத்தட்டினார்கள். 25 குதிரைகள் செத்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். 1854ல் விட்டுப்போன குதிரைகளைக் கலிபோர்னியாவில் கொன்று கணக்கைச் சரிசெய்தார்கள் போலும். 1968ல் பிரிட்டிஷ்காரர்களே ஒரு படம் எடுத்து இந்தப் பிரபுக்களைத் தோலுரித்தார்கள். அதையும் சொல்வதுதான் நியாயம்.

1983ல் 'அயர்ன் மெய்டன்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழு இதே பாய்ச்சலைப் பாட்டாகப் போட்டது. செத்துப்போகும் சிப்பாய் பேசுவதுபோலப் பாட்டு. கிடாரில் குதிரை ஓட்டம் கேட்கும். நல்ல பாட்டுதான். இசைத்தட்டின் அட்டையில் ஒரு எலும்புமுகப் பூதம் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கொடி பிடித்து நிற்கிறது. உண்மையில் இலகு குதிரைப்படையின் கோட்டு நீலம். போகட்டும், பூதத்திடம் யூனிபாரம் சோதிக்க முடியுமா? 2013ல் அந்தப் பாட்டின் பெயரில் பீரும் வந்துவிட்டது. செத்தவனின் பெயரைக் குடிக்கிறார்கள், தளபதியின் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்.

லூக்கன் பிரபு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1887ல் பீல்டு மார்ஷல் ஆனார். ராணுவத்தில் அதற்குமேல் பதவி இல்லை. ஆனால் அவருடைய மேயோ ஜில்லாவில் அதற்குள் வேறு காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. 1879 ஆகஸ்டில், அவருடைய கேஸில்பார் ஊரிலேயே மேயோ விவசாயிகளின் நிலச் சங்கம் ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷம், பாலின்ரோப் பக்கத்தில் எர்ன் பிரபு என்ற இன்னொரு பண்ணையாரின் நிலத்தில் குத்தகைக்காரர்கள் நூற்றுக்கு 25 குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10தான் குறைப்பேன் என்றார். பிரபுவின் ஏஜெண்டாக இருந்தவர் ஒரு பழைய ராணுவக்காரர். வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார்.

யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. வேலையை நிறுத்தினார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை. கொல்லர் லாடம் அடிக்கவில்லை. சலவைக்காரி துணி எடுக்கவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. கடைசியில் வடக்கேயிருந்து ஐம்பது கருங்காலிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் பேர் கொண்ட பட்டாளமும் போலீசும் வந்தது, குதிரைப்படையும் உண்டு. 1880 நவம்பர் மழையில், உருவிய கத்திக்கு நடுவே, உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் தோண்டினார்கள். கிழங்கின் மதிப்பு 500 பவுன் இருக்கலாம்; தோண்டிய செலவு 10,000 பவுன். பாலக்லாவாவுக்குப்பின் பிரிட்டிஷ் குதிரைப்படை இவ்வளவு நஷ்டத்தில் எதையும் செய்ததில்லை என்று நமக்குப் படுகிறது.

நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்த உள்ளூர்ப் பாதிரியார், ஊர் விலக்கம் என்பதற்கு உள்ள பெரிய சொல் விவசாயிகள் வாயில் நுழையாது என்று, அந்த ஏஜெண்டின் பெயரையே வைத்துவிட்டார். அவர் பெயர் கேப்டன் பாய்காட்.

நவம்பர் 27ந் தேதி அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவரை ஏற்றிக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஒரு வண்டிக்காரரும் வரவில்லை. ராணுவத்தின் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பி வைத்தார்கள்.